ஆக்ஷன் பிழைகள்

ஆக்ஷன் பிழைகள் என்பன, நிழற்படங்களைத் திருத்தும் செயலியாகிய போட்டோஷாப்பில் ஒருமுறை பதிவு செய்துகொண்ட, ஆக்ஷன் எனப்படும் கட்டளைத் தொடரை வேறு படங்களின்மேல் ஓட்டும்போது, அது நடுவில் தடைப்பட்டு நிற்பதையும், நில்லாமல் ஓடி முடிந்து விபரீதமான பலனைத் தருவதையும் ஒருங்கே குறிப்பனவாம். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் உருவாக்க, அடோபி நிறுவனம் 1990-ஆம் ஆண்டு மாக்கிண்டாஷ் கணினிக்கென வெளியிட்ட இச்செயலியில், ஆக்ஷன் வசதி 1996-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் சேர்ந்தது. கல்யாண ஆல்பத்துக்காக நூற்றுக்கணக்கான படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டிய ஸ்டூடியோக்காரருக்கு, நிரல் எழுதும் வித்தை சிறிதும் தெரியாமலே யந்திரத்தை வேலை வாங்கும் சௌகரியத்தை இது கொடுத்தது. அந்தச் சௌகரியத்தோடு கூடவே இங்கே கூறப்படும் சங்கடங்களும் வந்தன.

பதிவு செய்தவர் எந்தப் படத்தை முன்னே வைத்துக்கொண்டு வேலை செய்தாரோ, அந்தப் படத்தின் லக்ஷணங்கள் அனைத்தும் இனி வரும் எல்லாப் படங்களுக்கும் உண்டென்றே ஆக்ஷன் எடுத்துக்கொள்கிறது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், பிழைகளுள் பெரும்பாலானவற்றின் காரணம் எளிதில் விளங்கும். பதிவின்போது லேயர் எனப்படும் பட அடுக்கு ஒன்றைச் சொடுக்கித் தேர்ந்தெடுத்தால், செயலி குறித்துக்கொள்வது அந்த லேயரின் பெயரையே. கேமராவிலிருந்து வந்த ஜேபெக் படத்தில் ‘பேக்ரவுண்டு’ என்ற லேயர் இருக்கும். ஒளிபுகும் பின்னணியுடைய பி.என்.ஜி. படத்தில் அப்படியொன்று இராது. ஆகவே முன்னதில் பதிந்த ஆக்ஷன் பின்னதில், குறித்த லேயர் இப்போது கிடைக்கவில்லை என்ற அறிவிப்புடன் நின்றுவிடும். ஆங்கிலப் பதிப்பில் பதிந்த ஆக்ஷன் ஜெர்மன் மொழிப் பதிப்பில் இதே இடத்தில் தடுக்கி விழுவதும் உண்டு. ஏனெனில் அங்கே அந்த லேயரின் பெயர் ‘ஹின்டர்க்ரூண்ட்’. பெயரால் தேர்ந்தெடுக்காமல், மேல் லேயர், கீழ் லேயர் என்று வரிசையால் நகர்த்தும் விசைகளைப் பதிவின்போது பயன்படுத்துவதே இதற்குப் பரிகாரம். விண்டோஸில் ஆல்ட் விசையுடன் காற்புள்ளி கடைசி லேயருக்கும், முற்றுப்புள்ளி உச்சி லேயருக்கும் கொண்டு சேர்க்கும்.

கட்டளையே கிடைக்கவில்லை என்று செயலி சொல்லுமாயின், படத்தின் வண்ண முறையையும் பிட் அளவையும் நோக்க வேண்டும். ஜிஃப் படங்களுக்குரிய இண்டெக்ஸ் முறையில் லேயர்களும் ஃபில்டர்களும் இயங்கா. 16 பிட் படத்தில் ஃபில்டர் கேலரி திறவாது. ஆக்ஷனின் முதற்படியாகவே ஆர்.ஜி.பி. முறைக்கும் 8 பிட்டுக்கும் மாற்றும் கட்டளையைப் பதிந்துவைப்பது வழக்கம். தூரிகைத் தீற்றல்கள் நெடுங்காலம் பதிவாகாமலே இருந்தன. 2012-இல் வந்த சி.எஸ். 6 பதிப்பில் அதற்கென ஓர் அனுமதி சேர்க்கப்பட்டது.

ஒரு கோப்புறை முழுவதையும் ஆக்ஷனுக்கு ஒப்படைக்கும் பேட்ச் கட்டளையில் நேரும் குழப்பங்கள் தனி வகையின. அங்கே, ஆக்ஷனில் உள்ள ஓப்பன் கட்டளையை மீறுக என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. ஆக்ஷனுக்குள் ஒரு குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும் கட்டளை பதிவாகியிருக்க, இக்கட்டத்தைக் குறியிடாது விட்டால், கோப்புறையில் எத்தனை படங்கள் இருந்தாலும் அந்த ஒரே படம் திரும்பத் திரும்பத் திறக்கப்படும்; ஓப்பன் கட்டளையே இல்லாத ஆக்ஷனுக்கு இதைக் குறியிட்டாலோ, ஒரு படமும் திறக்கப்படாது. சேவ் அஸ் கட்டளைக்கான கட்டத்திற்கும் இதே நியதிதான்: ஆக்ஷனில் அக்கட்டளை இருந்தால்தான் குறியிடுவதில் பயன் உண்டு. இந்த இரண்டு கட்டங்களின் பெயர்களை எத்தனை முறை படித்தாலும் அர்த்தம் தெளிவாகாது என்பது என் அபிப்பிராயம். குற்றம் படிப்பவரிடம் இல்லை.

நின்றுபோகும் பிழையைக் காட்டிலும் நில்லாத பிழையே பெரிய நஷ்டம் விளைப்பது. அகலம் 1200 பிக்சல் என்று கிடைப்படமொன்றில் பதிந்த சுருக்கம், நெடுக்குப் படங்களை உயரத்தில் அளவு மீறச் செய்துவிடும். யந்திரமோ முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் முடித்துவைக்கும். ஆட்டோமேட் பட்டியலிலுள்ள ஃபிட் இமேஜ் கட்டளை, அகலம் உயரம் இரண்டுக்கும் எல்லை வகுத்து விகிதம் கெடாமல் குறைப்பதால், இவ்விடத்தில் அதுவே தக்கது. படத்தின் மூலையில் ஸ்டூடியோ முத்திரை பதிப்பவர்கள், அளவுகோலின் அலகைச் சதவீதத்துக்கு மாற்றிக்கொண்டு பதிவு செய்தால், சிறிய படத்தில் முத்திரை விளிம்புக்கு வெளியே போகாது. பேட்ச் முடிவில் சேமித்து மூடுக என்று தேர்ந்தெடுத்தவர், மூலப்படங்களின் மீதே எழுதுகிறோம் என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம்.

காரணம் புலப்படாத பிழையை ஆராயும் முறை மிகவும் எளிது. ஆனால் அதற்குப் பொறுமை தேவை. ஆக்ஷன் பட்டியலின் ப்ளேபேக் அமைப்பில் படிப்படியாக ஓட்டும் முறையைத் தேர்ந்து, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் படம் என்ன ஆகிறதென்று கவனிக்க வேண்டும். தடைப்பட்ட வரியில் பெரும்பாலும் குற்றம் இராது. இரண்டு மூன்று வரிகளுக்கு முன் எதிர்பார்த்த செலெக்ஷன் உருவாகாமற்போனதோ, தவறான லேயர் தேர்வானதோ அதன் மூலமாக இருக்கும். சந்தேகத்துக்குரிய கட்டளையின் இடப்புறக் குறியை நீக்கிவிட்டால், செயலி அதைத் தாண்டிச் செல்லும். ஹிஸ்டரி பட்டியல் ஓர் எண்ணிக்கைக்கு மேற்பட்ட படிகளை நினைவில் வைக்காதாகையால், நீண்ட ஆக்ஷனை ஓட்டுமுன் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துக்கொண்டால் பழைய நிலைக்கு எளிதில் திரும்ப இயலும். பேட்ச் கட்டளையிலோ, பிழை நேர்ந்தவுடன் நிற்காமல் அதை ஒரு கோப்பில் குறித்துவைத்து மேலே செல்லும்படி பணிக்கலாம். இரவில் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பவர்களுக்கு இதுவே உகந்தது.

செயலியின் அமைப்புக் கோப்புகள் சிதைந்தாலோ நீக்கப்பட்டாலோ, தனியே சேமிக்கப்படாத ஆக்ஷன்களும் அவற்றோடு அழிந்துபோகக்கூடும். அவற்றை ஏ.டி.என். கோப்பாகச் சேமிக்கும்போது, தனி ஆக்ஷனையன்றி அது அடங்கியுள்ள தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிடில் சேமிக்கும் கட்டளை மங்கியே கிடக்கும்.