செஞ்சியில் ஒரு சிம்மாசனம்

செஞ்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் தேசிங்கு ராஜனைத் தேடிக்கொண்டுதான் போகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். ஆனால் ராஜகிரியின் படிகளில் மூச்சு வாங்க ஏறியபோது என் மனம் வேறொரு ராஜனிடம் போய்விட்டது. தேசிங்கு போர்க்களத்தில் மாண்டது 1714-ல். அதற்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு முன்பே மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரம் இந்தக் குன்றுகளுக்குக் குடிவந்துவிட்டது!

1689-ல் ஔரங்கசீப்பின் கை ஓங்கியிருந்தது. சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜி சிறைப்பட்டுக் கொல்லப்பட்டான். ராய்கட் வீழ்ந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் பாலகன் சாஹுவும் மொகலாயர் வசம் சிக்கினார்கள். மிஞ்சியவன் பத்தொன்பது வயதுத் தம்பி ராஜாராம். மாறுவேடத்தில் தெற்கே வந்த அவனுக்குக் கெளதி ராணி சென்னம்மாள் துணிந்து அடைக்கலம் கொடுத்தாள். 1677-ல் தகப்பனார் பிடித்து வலுப்படுத்திய செஞ்சி அவனை ஏற்றுக்கொண்டது.

மொகலாயத் தளபதி ஸுல்பிகர் கான் 1690-ல் வந்து கோட்டையை வளைத்தான். ஆனால் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் அவனுக்கு வந்த உணவையும் உதவியையும் அறுத்துவிட்டார்கள். முற்றுகையிட வந்தவனே முற்றுகைக்குள் அகப்பட்டு, 1693-ல் வந்தவாசிக்குப் பின்வாங்கினான்.

வீரம் சரி, சம்பளம்? பொக்கிஷத்தில் பணம் ஏது? சிவாஜி தம் சேவகர்களுக்கு நிலத்தைக் கொடுக்காமல் பணமாகவே கூலி கொடுக்க முயன்றவர். நிலம் பெற்றவன் நாளை தானே அரசனாகிவிடுவான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கோட்டையைக்கூட ஒருவனிடம் ஒப்படைக்காமல் மூன்று அதிகாரிகளிடம் பிரித்து வைத்தவர் அல்லவா! மகனுக்கோ வேறு வழியில்லை. பகைவன் கையிலிருந்த நிலங்களையே சர்தார்களுக்குச் சரஞ்சாம் என்று எழுதிக் கொடுத்தான். 'வென்றால் உன்னுடையது' என்பதே அதன் பொருள்.

அன்று முதல் ஒவ்வொரு சர்தாரும் தன் நிலத்துக்காகவே போரிட்டான். 1698-ல் செஞ்சி விழுந்தது. ராஜாராம் தப்பிச் சென்று 1700-ல் இறந்தான். அவன் மனைவி தாராபாய் போரை நடத்தினாள். சக்கரவர்த்தி 1707-ல் கண் மூடும்வரை மராட்டியர் பணியவில்லை. தலைநகரைப் பிடித்தால் அடங்கிவிடும் யுத்தமாக அது இல்லை.

பின்னாளில் சிந்தியா, ஹோல்கர், கெயிக்வாட் என்று ராஜ்யம் பல கூறாகப் பிளந்ததற்கும் இந்தச் சரஞ்சாம் வழக்கமே வேர். 2025-ல் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, ஒன்று செஞ்சி. ராஜ்யம் உயிர் பிழைத்த இடமும், அது உடைவதற்கு விதை விழுந்த இடமும் இதுதான்.

ராஜாராமை நான் குறை கூறமாட்டேன். வீடு பற்றி எரியும்போது, பின்னால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று எவன் குடத்தை ஒளித்து வைப்பான்?