பலாலி – சென்னை: மாறாத தூரமும் மாறிய நேரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கி.மீ. மட்டுமே. கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கோ சுமார் 650 கி.மீ. அதாவது, தம் நாட்டின் தலைநகரில் இருப்பவர்களைவிட யாழ்ப்பாணத்தவருக்குச் சென்னை மிகப் பக்கம்! ஆனால் பல பத்தாண்டுகள் அந்தப் பக்கத்து ஊருக்குப் போக அவர்கள் தலைநகரைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் சேவையைத் தொடங்கியது. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டிசி-3 விமானம் யாழ்ப்பாணத்தில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகம் கொண்ட அந்த விமானத்துக்கு யாழ்ப்பாணம் – சென்னை வழி ஒன்றேகால் மணி நேரத்து வேலைதான்.

1970களின் இறுதியில் ஏர் சிலோன் மூடப்பட்டது. 1983ல் போர் மூண்டது. பலாலி முழுமையான படைத்தளமாக மாறியது. 1990ல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அந்நிலம் உயர் பாதுகாப்பு வலயமானது. அவர்களில் பலர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் வீட்டைப் பார்க்கவே இல்லை.

இதன் விளைவு என்ன? சென்னைக்குச் செல்ல விரும்பியவர் முதலில் தெற்கு நோக்கிச் சுமார் 400 கி.மீ. தரைவழியே கொழும்புக்கு வர வேண்டும். பிறகு அங்கிருந்து அதே வடக்கு நோக்கிப் பறக்க வேண்டும். மொத்தம் ஆயிரம் கி.மீ.க்கும் மேல், ஏறத்தாழ மூன்று மடங்கு! அதுவும் பாதை திறந்திருந்தால்தான். ஏ-9 நெடுஞ்சாலை 1990 முதல் 2002 வரை மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அப்போது அனுமதி பெற்று, கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து பேருந்து பிடித்தவர்கள் ஏராளம். அந்தப் பயணத்தை மணிக்கணக்கில் சொல்ல முடியாது, நாள்கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

போர் 2009ல் முடிந்தது. ஆனாலும் வானம் திறக்க மேலும் பத்தாண்டுகள் ஆயின. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்ற பெயரில் திறக்கப்பட்டது. நவம்பர் 11 முதல் அலையன்ஸ் ஏர் நிறுவனத்தின் ஏடிஆர்-72 விமானம் சென்னையிலிருந்து வரத் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சேவை, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டும் தொடங்கியது. பயண நேரம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி.

1947லும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் என்பது கவனிக்கத்தக்கது. எழுபது ஆண்டுகளில் விமானங்களின் வேகம் எவ்வளவோ கூடியது. ஆனால் இந்த வழியில் பயண நேரத்தை நிர்ணயித்தது எஞ்சின் அல்ல, அரசியல். வானூர்தியின் வேகம் எவ்வளவு கூடினாலும், இறங்க அனுமதி இல்லாத ஊர் தூரத்து ஊர்தான்.