இங்க்லிங்: காதில் விழுந்த வார்த்தை மனசுக்குள் போன கதை

இந்த வாரம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தித்தான் பேசப் போறேன். அந்த வார்த்தை "இங்க்லிங்". ஏதோ ஒண்ணு நடக்கப் போகுதுன்னு லேசா, ரொம்ப லேசா தெரியும் பாருங்க. முழுசாத் தெரியாது. ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. அந்த நிலைமைக்கு இங்கிலீஷ்ல இருக்கிற பேர் அது.

ஏன் திடீர்னு இந்த வார்த்தைன்னு கேட்டா, ஒரு காரணம் இருக்கு. நான் முன்னாடி வேலை பார்த்த இடத்தில் ஒருநாள் அவசர மீட்டிங். ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருந்த ப்ராஜெக்டை க்ளையண்ட் நிறுத்திட்டாங்க. டீமில் பாதிப் பேருக்கு அடுத்த மாசம் வேலை இருக்குமான்னே தெரியாது. மேனேஜர் வேற ஊரில் இருந்து வீடியோவில் வந்தார். "ஐ ஹேட் நோ இங்க்லிங்" என்றார். எனக்குத் துளிகூடத் தெரியாது என்று அர்த்தம். அவர் பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோணலை. முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது, மனுஷன் நிஜமாவே ஆடிப்போயிருந்தார்.

ஆனா என் பக்கத்து சீட் நண்பர் இதைத்தான் மூணு மாசமா டீக்கடையில் சொல்லிக்கிட்டிருந்தார். "க்ளையண்ட் மெயிலுக்கு முன்ன மாதிரி பதில் வர்றதில்லை பாஸ். பெரிய ஆளுங்க யாரும் இப்பல்லாம் கால்ல வர்றதில்லை. என்னவோ சரியில்லை." மீட்டிங் நடக்கும்போது நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீபோர்டைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

அன்னைக்கு ராத்திரி சும்மா அந்த வார்த்தையை அகராதியில் தேடினேன். அங்கே ஒரு பெரிய கதையே இருந்தது.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை ஓரம் கட்டிடுவோம். "இங்க்" என்றால் மை. அதனால் "இங்க்லிங்" என்றால் காகிதத்தில் விழுந்த சின்ன மைத்துளின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. மையைக் குறிக்கும் சொல் கிரேக்கத்தில் தொடங்கி, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இங்க்லிங் வேற குடும்பம். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் "இங்க்கிள்" மாதிரி ஒலித்த ஒரு வினைச்சொல் இருந்தது. தாழ்ந்த குரலில் சொல்வது, காதோடு காதாகக் கிசுகிசுப்பது என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லுக்கும் மூலம் எது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் முடிவில்லை. சந்தேகம் என்ற பொருள் கொண்ட "இன்க்கா" என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு உறவு இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

அந்த வினையிலிருந்துதான் இங்க்லிங் என்ற பெயர்ச்சொல் வந்தது. அலெக்சாண்டரின் கதையைச் சொல்லும், சுமார் 1400ஐச் சேர்ந்த ஒரு ஆங்கிலக் கவிதையில் அது கிடைக்கிறது. அங்கே அதன் எழுத்துக்கூட்டல் வேடிக்கையானது. முன்னால் ஒரு "ந்" ஒட்டிக்கிட்டு, கிட்டத்தட்ட "நிங்கிலிங்" என்று இருக்கும். "ஆன்" என்ற முன்சொல்லின் கடைசி எழுத்து அடுத்த வார்த்தைக்குத் தாவியதால் வந்தது அது. ஆங்கிலத்தில் இது அடிக்கடி நடந்திருக்கு. நாம சாதாரணமாச் சொல்ற "நிக்நேம்" ஒரு காலத்தில் "ஈக் நேம்" ஆகத்தான் இருந்தது. "ஏப்ரன்" கதை இதற்கு நேர்மாறு. அது முதலில் "நேப்ரன்". அதன் "ந்" முன்சொல்லோடு போய்ச் சேர்ந்துடுச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். அந்தக் காலத்தில் இங்க்லிங் என்பது ஒரு சத்தம். யாரோ ஒருத்தர் வாயிலிருந்து வந்து, இன்னொருத்தர் காதில் லேசாக விழுவது. அதாவது இங்க்லிங் இருக்கணும்னா குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். தனியா உட்கார்ந்திருக்கிறவனுக்கு இங்க்லிங் வராது.

நம்ம பேச்சை வெச்சுப் பார்த்தா இது சட்டுன்னு புரியும். தமிழில் இதுக்கு ரெண்டு வகைப் பேச்சு இருக்கு. "அரசல் புரசலா கேள்விப்பட்டேன்", "காத்துவாக்குல வந்துச்சு" என்பது ஒரு வகை. அது காதில் விழுந்த செய்தி. "பட்சி சொல்லுது", "உள்ளுக்குள்ள ஏதோ உறுத்துது" என்பது இன்னொரு வகை. அதை யாரும் வந்து சொல்லலை, மனசுக்கே பட்டது. நாம ரெண்டையும் தனித்தனியா வெச்சிருக்கோம். இங்க்லிங் முதல் வகையில் பிறந்து, மெல்ல மெல்ல ரெண்டாவது வகைக்குக் குடிபோன வார்த்தை.

நடு வழியில் அது எப்படி இருந்ததுன்னு பார்க்க ஷேக்ஸ்பியர் உதவுவார். "கோரியலேனஸ்" என்ற நாடகம், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. முதல் காட்சியிலேயே ரோம் நகரத்து ஜனங்க தானியம் கிடைக்காமல், கையில் தடியும் கம்புமாகத் தெருவில் நிற்கிறார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த மெனீனியஸ் என்ற பெரிய மனிதர் வருகிறார். கூட்டத்தில் ஒருவன் அவருக்குப் பதில் சொல்கிறான். நாங்க என்ன செய்யப் போறோம்னு செனட்டுக்குத் தெரியாம இல்லை, ரெண்டு வாரமாவே அவங்களுக்கு இங்க்லிங் இருக்கு என்பது அவன் சொல்வதன் சாரம்.

இதில் அந்த வார்த்தை செய்யும் வேலையைக் கவனிங்க. செனட்டர்களுக்கு உள்ளுணர்வு வந்துதுன்னு அவன் சொல்லலை. சேதி அவங்க காதுக்குப் போயிடுச்சு என்கிறான். தெருவில் பேசுனது மேல எட்டியிருக்கு. எட்டி ரெண்டு வாரம் ஆகியிருக்கு. இன்னும் ஒண்ணும் நடக்கலை. ஆக, அவன் வாயில் அந்த வார்த்தை ஒரு குற்றச்சாட்டு.

அடுத்து 20ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1930களில் ஆக்ஸ்ஃபோர்டில் "இங்க்லிங்ஸ்" என்ற பெயரில் ஒரு நண்பர் குழு இருந்தது. சி.எஸ். லூயிஸ், ஜே.ஆர்.ஆர். டோல்கீன் எல்லாம் அதில் இருந்தவங்க. வியாழக்கிழமை ராத்திரி லூயிஸின் கல்லூரி அறையில் கூடி, எழுதிக்கிட்டிருப்பதை ஒருத்தருக்கொருத்தர் படிச்சுக் காட்டுவாங்க. "லார்ட் ஆஃப் த ரிங்ஸ்" அத்தியாயங்கள் அச்சுக்குப் போகும் முன்னாடியே அங்கே வாசிக்கப்பட்டவை. பெயர் அவர்களுடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அதற்கு முன் எட்வர்ட் டேங்கி லீன் என்ற மாணவர் நடத்திய சங்கத்தின் பெயர் அது. "லாரன்ஸ் ஆஃப் அரேபியா" எடுத்த டேவிட் லீனின் தம்பி அவர். பின்னாளில் டோல்கீன் ஒரு கடிதத்தில் இந்தப் பெயரின் சிலேடையை விளக்கினார். பாதி உருவான, மங்கலான எண்ணங்கள் உள்ளவர்கள் என்பது ஒரு பொருள். மையோடு விளையாடுகிறவர்கள் என்பது இன்னொரு பொருள்.

இந்தச் சிலேடையில் கிசுகிசு காணாமப் போச்சு, கவனிச்சீங்களா? இங்க்லிங் இப்ப ஒருத்தர் மண்டைக்குள்ள இருக்கிற பொருள் ஆயிடுச்சு. வார்த்தை காதை விட்டு மனசுக்குப் போயிடுச்சு.

அர்த்தம் இப்படி நகர்வது எல்லா மொழியிலும் நடக்கிறதுதான். ஆனா இந்த நகர்வால் ஒரு விளைவு உண்டு. இங்கிலீஷ்ல இந்த வார்த்தையைப் பெரும்பாலும் எங்கே பார்க்கிறோம்? ஒண்ணு, "முதல் இங்க்லிங் அப்பத்தான் வந்துது" என்ற இடத்தில். இன்னொண்ணு "நோ இங்க்லிங்" என்று இல்லைன்னு மறுக்கிற இடத்தில். எல்லாம் முடிஞ்ச பிறகு, "எனக்கு இங்க்லிங் இல்லை" என்பது. பழைய பொருளில் அது, "என்கிட்ட யாரும் சொல்லலை" என்று ஆகும். அப்படிச் சொன்னா அடுத்த கேள்வி தானா வரும். யாராவது சொன்னாங்களா? யார்கிட்ட சொன்னாங்க? அது எங்கே நின்னுது? புதிய பொருளில் அது, "எனக்குத் தோணலை" என்பதோடு முடிஞ்சுடுது. ஒருத்தருக்குத் தோணலைன்னா அதுக்கு மேல என்ன கேட்க முடியும்?

இந்தக் கேள்விகளை நிஜமாவே கேட்ட ஒரு விசாரணை உண்டு. 1986 ஜனவரி 28. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்கலம் கிளம்பியது. 73 நொடிகளில் வானத்திலேயே சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளி ஆசிரியை. பல பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கவாட்டு ராக்கெட்டின் துண்டுகள் சேரும் இடத்தில் வாயு கசியாமல் இருக்க ரப்பர் வளையங்கள் இருக்கும். ஓ-ரிங் என்பார்கள். நம்ம குக்கர் கேஸ்கட் செய்யும் வேலைதான், ஆனா பல மடங்கு பெரிய நெருப்புக்கு முன்னால். குளிரில் ரப்பர் விறைத்துவிடும், இடைவெளியைச் சட்டென்று அடைக்காது. அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஷ்லி, விபத்துக்கு 6 மாதம் முன்பே, 1985 ஜூலை 31 அன்று தன் மேலதிகாரிக்குக் குறிப்பு எழுதினார். இதைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ச்சேதம் ஏற்படும் என்று எச்சரித்தார்.

விபத்துக்கு முந்தின ராத்திரி மூன்று ஊர்களை இணைத்து ஒரு தொலைபேசி ஆலோசனை நடந்தது. அதுவரை நடந்ததிலேயே மிகக் குளிரான ஏவுதல் சுமார் 12 டிகிரி செல்சியஸில் நடந்தது, அதற்குக் கீழே போனால் ஏவ வேண்டாம் என்றார்கள் பொறியாளர்கள். மறுநாள் காலை அங்கே உறைபனி எதிர்பார்க்கப்பட்டது. நாசா தரப்பில் எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். நிறுவனத்தின் நிர்வாகிகள் தனியாகப் பேசினார்கள். திரும்பி வந்து, ஏவலாம் என்றார்கள். ஃப்ளோரிடாவில் இருந்த அவர்களுடைய பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்தார். ஒப்புதல் வேறொருவர் கையெழுத்தில் போனது.

முன்னாள் வெளியுறவுத் துறை அமைச்சர் வில்லியம் ரோஜர்ஸ் தலைமையில் ஆணையம் அமைந்தது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஐஸ் தண்ணீர் டம்ளரில் அந்த ரப்பரை முக்கி எடுத்துக் காட்டியது அங்கேதான். அந்தக் காட்சி நிறைய பேருக்குத் தெரியும். ஆணையம் கண்டுபிடித்த இன்னொரு விஷயம் அவ்வளவாத் தெரியாது. ஏவுவது என்று இறுதி முடிவெடுத்தவர்களுக்கு, பொறியாளர்கள் முதலில் வேண்டாம் என்று சொன்னது தெரியவே தெரியாது. முந்தின ராத்திரி நடந்த வாக்குவாதம் அவர்கள் வரை போகவில்லை.

அதாவது, அவங்க "எங்களுக்கு இங்க்லிங் இல்லை" என்று சொல்லியிருந்தா, அது உண்மைதான். அதுதான் பயங்கரம். கீழே ஒருத்தர் கிசுகிசுக்கக்கூட இல்லை, எழுத்திலேயே கொடுத்திருந்தார். அது ஒவ்வொரு படியா ஏறும்போது குரல் இறங்கிக்கிட்டே போய், கடைசிப் படிக்கு முன்னாடி நின்னுபோச்சு. ஆணையம், "உங்களுக்குத் தோணலையா?" என்ற கேள்வியோடு நிறுத்தவில்லை. யார் சொன்னது, எந்த மேஜையில் நின்றது என்று கேட்டது. வார்த்தையின் பழைய பொருளில் கேட்ட கேள்வி அது.

ஷேக்ஸ்பியரின் ரோமையும் இதையும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. அங்கே சேதி மேல போச்சு, அவங்க அசையலை. இங்கே சேதியே போகலை. ரெண்டும் வேற வேற தப்பு. "நோ இங்க்லிங்" என்று பொதுவாச் சொல்லிட்டா, எந்தத் தப்பு நடந்ததுன்னே கண்டுபிடிக்க முடியாது.

திரும்ப என் ஆபீஸுக்கு வரேன். ஒரு ப்ராஜெக்ட் நின்னதையும் ஏழு உயிர் போனதையும் ஒரே தராசில் வைக்கலை. ஆனா சேதி நிக்கிற விதம் ஒண்ணுதான். அந்த மீட்டிங்குக்கு அப்புறம் பல நாள் மேனேஜர் மேலதான் கோபமா இருந்தேன். இவ்வளவு நடக்குது, இவருக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு. அகராதியைப் பார்த்த பிறகுதான் எனக்கு வேற ஒண்ணு உறைச்சுது. நண்பர் டீக்கடையில் அதைச் சொன்னது என்கிட்ட. வாராவாரம் மேனேஜரோட ஒன் ஆன் ஒன் பேசுனது நான். "எல்லாம் எப்படிப் போகுது?"ன்னு அவர் கேட்டப்பல்லாம், "ஓகே சார்"னு சொன்னதும் நான்தான். கெட்ட சேதி கொண்டுவர்ற ஆளா இருக்க வேண்டாமேன்னு ஒரு தயக்கம். வேற பெரிய காரணம் எதுவும் இல்லை.

அந்த நண்பர் இப்ப வேற கம்பெனியில் இருக்கார். போன மாசம் பேசும்போது இதை அவர்கிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்தார். அப்புறம், "நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.