ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தல்

1987ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டமொன்று, ஆசிரியப் பணியை விரும்பும் மாணவர்க்கு இரு நிபந்தனைகளை விதித்தது. கல்வியியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு இளங்கலைப் பட்டம் பெறலாகாது. வேறு துறையொன்றில்தான் பெறவேண்டும். கற்பித்தல் முறை சார்ந்த பாடங்களோ 18 மணிநேரத்தைத் தாண்டலாகாது. மணிநேரம் என்பது அங்குள்ள பல்கலைக்கழகங்களின் அளவை; ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணி வகுப்பு என்று பொருள். பட்டத்திற்கு இவ்வாறு ஏறத்தாழ 120 தேவை. ஒரு தொழிலுக்கு ஆள் தயாரிக்கும் படிப்பில் அத்தொழிலைக் கற்பதற்கே உச்சவரம்பு கட்டுவதை மருத்துவத்தில் நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. ஆசிரியப் படிப்பில் அது எவ்வாறு நேர்ந்தது?

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகள் பல, மூத்த மாணவன் இளைய மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையில் நடந்தன. இம்முறைக்கு நம்மோடு ஓர் உறவுண்டு. சென்னை எழும்பூரில் 1789 முதல் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல், மலபார்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தியவர். அங்கே அவர் வகுத்த முறையே இங்கிலாந்தில் மதராஸ் முறை எனப் பெயர்பெற்றது. திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை கடல் கடந்து சென்றார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இதே போன்ற முறையை அமெரிக்காவில் பரப்பிய ஜோசப் லங்காஸ்டர் 1838இல் நியூயார்க் தெருவில் குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். அதற்கடுத்த ஆண்டே, ஆசிரியரைத் தனியே பயிற்றுவிக்க வேண்டும் என்ற எதிர்க்கொள்கை செயலுக்கு வந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியச் செயலர் ஹோரஸ் மான் அதற்கு முன்னின்றார். எட்மண்ட் டுவைட் என்னும் வணிகர் 10,000 டாலர் அளிக்க, அரசும் அதற்கீடாக அதே தொகையைத் தந்தது. 1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டன் ஊரில் பெண்களுக்கென முதல் அரசு நார்மல் பள்ளி திறக்கப்பட்டபோது வந்தவர் மூவர் மட்டுமே. பதினாறு வயது நிரம்பியிருத்தல், அடிப்படைப் பாடங்களில் தேர்வு, ஆசிரியராவேன் என்ற உறுதிமொழி, ஓராண்டுப் படிப்பு, நிபந்தனைகள் அவ்வளவே. பெண்களுக்குக் குறைந்த ஊதியம் போதும் என்ற கணக்கும் அரசின் ஊக்கத்திற்குப் பின்னால் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தலைமை ஆசிரியர் சைரஸ் பியர்ஸ் எல்லாப் பாடங்களையும் தாமே நடத்தினார். மாதிரிப் பள்ளியையும் மேற்பார்த்தார். பள்ளியின் ஏவல் வேலைகளும் அவர் தலையில்தான். அவருடைய நாட்குறிப்பும், மாணவி மேரி ஸ்விஃப்டின் குறிப்புகளும் 1926இல் நூலாயின. (பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ஜ்மனுக்குப் பிற்காலத்தில் கற்பித்தவர் இந்த மேரிதான்.) கற்பிக்கக் கற்க வந்த பெண்கள் அடிப்படைப் பாடங்களிலேயே தடுமாறியது பியர்சை வருத்தியது. ஆகவே அவர் பாடத்தையும் முறையையும் பிரிக்கவில்லை. ஒரு பாடத்தை அதன் அடிப்படை விளங்க மீண்டும் நடத்துவார். பின் மாணவி ஒருத்தி ஆசிரியையாகி அதையே தோழியர்க்கு நடத்தவேண்டும். பாட அறிவு எங்கே முடிகிறது, கற்பிக்கும் அறிவு எங்கே தொடங்குகிறது என்று அந்த வகுப்பில் எவரும் கோடு கிழித்திருக்க முடியாது.

இருபதாம் நூற்றாண்டில் நார்மல் பள்ளிகள் ஆசிரியர் கல்லூரிகளாகி, பிறகு பல்கலைக்கழகங்களாயின. இன்று உலகப் புகழ்பெற்ற லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் 1882இல் நார்மல் பள்ளியாகத் தொடங்கியதே. ஆசிரியர்க்குப் பட்டம் கிடைத்தது; ஆனால் கணிதம் ஒரு துறைக்கும் கற்பித்தல் மற்றொரு துறைக்கும் போய்ச் சேர்ந்தன. கல்வியியல் பாடங்கள் சாரமற்றவை என்ற ஏளனம் எழுந்தது. 1961இல் கலிஃபோர்னியா பாடத்துறைப் பட்டத்தை வலியுறுத்திச் சட்டம் செய்தது. ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கானன்ட் மட்டும் 1963இல் எழுதிய நூலில், மணிநேரங்களை மாநிலங்கள் எண்ணுவதைவிடத் தேர்ந்த மேற்பார்வையில் வகுப்பறைப் பயிற்சி பெறுவதே முக்கியம் என்றார். டெக்சாஸ் எண்ணத்தான் செய்தது.

எண்ணுவதால் பயன் என்ன? லிபிங் மா 1999இல் வெளியிட்ட ஆய்வு நூலை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. ஒன்றேமுக்காலை அரையால் வகுத்து, அதற்கேற்ற கதைக்கணக்கு ஒன்று சொல்லுமாறு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்கப்பட்டது. ஒன்றேமுக்கால் ரொட்டியை இருவருக்குப் பகிர்வது விடையன்று. அது இரண்டால் வகுத்தல். ஒன்றேமுக்கால் படி அரிசியை அரைப்படியால் அளந்தால் எத்தனை முறை வரும் என்பது சரி, மூன்றரை முறை. 23 அமெரிக்க ஆசிரியர்களில் கருத்தளவில் சரியான கதை சொன்னவர் ஒருவர். 72 சீன ஆசிரியர்களில் 65 பேர் சொன்னார்கள். அமெரிக்கர் அனைவரும் பட்டதாரிகள். சீனரோ ஒன்பதாண்டுப் பள்ளிப் படிப்புக்குப்பின் இரண்டு மூன்றாண்டுகள் நார்மல் பள்ளியில் பயின்றவர்கள். சிறு மாதிரிதான், எனினும் பியர்ஸ் பிரிக்க மறுத்தது எதை என்பது இதில் தெரிகிறது.

இந்தியாவிலும் அதைச் சேர்த்துவைக்கும் முயற்சி நடந்தது. மைசூர், அஜ்மீர், போபால், புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் 1960களில் தொடங்கிய வட்டாரக் கல்வியியல் கல்லூரிகள், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணையோடு, பாடத்தையும் கற்பித்தலையும் நான்காண்டு ஒரே பட்டத்தில் இணைத்தன. அவை நான்கே தீவுகளாக நெடுங்காலம் நின்றன. மற்ற இடங்களில் முதலில் பட்டம், அதன்பின் பி.எட். என்ற வரிசையே வழக்கமாயிற்று. நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பை நாடெங்கும் கொண்டுவரும் முயற்சி 2023இல்தான் தொடங்கியது.

டெக்சாஸ் 2019இல் தன் தடையை நீக்கிக் கல்வியியலில் இளங்கலைப் பட்டத்தை மீண்டும் அனுமதித்தது. இங்கே 2023 ஆகஸ்ட் 11 அன்று, பி.எட். பட்டம் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பணிக்குத் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது வேறு பயிற்சி, அதற்கெனப் பட்டயப் படிப்பு உள்ளது என்பது தீர்ப்பின் அடிப்படை. அந்தப் பணியை நம்பி இரண்டு பட்டங்கள் வாங்கிக் காத்திருந்தவர்கள், அன்று மாலை செய்தித்தாள் இணையதளங்களில் அதைப் படித்தார்கள்.