கடிகாரமும் ஞாயிறும்

அட்டாளைச்சேனை மாணவனின் நாளை இரண்டு அளவைகள் ஆளுகின்றன. தொழுகை ஞாயிற்றைப் பின்பற்றும். பள்ளி மணி கடிகாரத்தைப் பின்பற்றும். 1996ஆம் ஆண்டை நேயர்கள் நினைவுகூரலாம். வறட்சியால் மின்சாரந் தட்டுப்படவே, மே மாதத்தில் அரசாங்கம் இலங்கைக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்தள்ளிற்று. ஒக்டோபரில் அரைமணியைத் திருப்பித் தந்தது. எஞ்சிய அரைமணி மீண்டது 2006 ஏப்ரலிலேதான். ஞாயிறோ அரசாணைக்கு அசைவதில்லை! சுபஹுத் தொழுகைக்கும் பள்ளி மணிக்குமிடையே பாடம் பார்க்கும் அவகாசம் அந்த அளவுக்குக் குறுகிற்று.

அரைமணியின் விலையைப் பரீட்சைக்குப் படிப்பவன் அறிவான். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு 1974இல் வந்தது. அதுமுதல் அவன் பெரிதும் முந்தவேண்டியவர் கொழும்பு மாணவரல்லர், அம்பாறை மாவட்டத்தவரே. அவனிடம் குறிப்புக் கொப்பியை இரவல் கேட்கும் தோழனும் அவர்களுள் ஒருவன். வெறும் நட்பாயிருந்த அவ்வுதவி, அன்றுதொட்டுக் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டியதாயிற்று.