யாருடைய இரத்தம் ஐயா?



சென்ற செவ்வாய்க்கிழமை நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியை மருத்துவமனையில் சந்தித்தேன். புற்றுநோய்க்கான மூன்றாவது கீமோதெரபி முடிந்து பத்து நாட்கள் ஆகியிருந்தன. ஹீமோகுளோபின் 6.8-க்கு இறங்கிவிட்டது, மறுநாள் காலையில் இரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். தலைமுடி உதிர்ந்தபோதும் கலங்காதவர் அன்று கலங்கியிருந்தார். ஜெபம் முடிந்ததும், "அது யாருடைய இரத்தம் ஐயா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "இரத்தம் ஏற்றுகிற அளவுக்கு வந்துவிட்டேன் என்றால், முடிவு நெருங்கிவிட்டது என்றுதானே பொருள்?" என்றார்.

அவருடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் அவருக்கு மட்டும் உரியவை அல்ல. முதல் கேள்விக்கு முந்நூற்றைம்பது ஆண்டு வயது. அந்த வரலாற்றை அறிந்துகொள்வது, ஊசி குத்தப்படும் கையைச் சற்றே இளக்கும் என்று நம்புகிறேன்.

1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், இரத்தம் உடலுக்குள் சுற்றிச்சுற்றி ஓடுகிறது என்பதை நிறுவி நூல் வெளியிட்டார். ஓடுவது உண்மையானால் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கும் அதை ஓடவிடலாம் அல்லவா? அந்த எண்ணம் பலரைப் பற்றிக்கொண்டது. 1667 ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்பவர், காய்ச்சலால் நலிந்த பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைச் செலுத்தினார்.

அதே ஆண்டு நவம்பரில் இலண்டன் ராயல் சொசைட்டியின் அறிஞர்கள் கூடியிருக்க, ஆர்தர் கோகா என்பவருக்கு ஆட்டின் இரத்தம் செலுத்தப்பட்டது. அவர் இறையியல் பயின்றவர். சற்றே மனக்குழப்பம் உடையவர் என்று அக்காலத்தவர் எழுதிவைத்தனர். இதற்காக அவருக்குத் தரப்பட்ட கூலி 20 ஷில்லிங். ஆட்டின் இரத்தத்தை ஏன் ஏற்றீர் என்று கேட்டபோது, கிறிஸ்து தேவ ஆட்டுக்குட்டியாய் இருப்பதால் ஆட்டின் இரத்தத்திற்கும் அவருடைய இரத்தத்திற்கும் ஓர் ஒப்புமை உண்டு என்ற கருத்தில் அவர் இலத்தீனில் விடை கூறினார்.

பிரியமானவர்களே, நாம் சிரித்துவிட வேண்டாம். இரத்தத்தோடு அதற்குரியவரின் குணமும் வந்துவிடும் என்று அன்றைய பெரும் அறிஞர்களே நம்பினார்கள். சாந்தமான கன்றின் இரத்தம் சித்தம் கலங்கியவனைச் சாந்தப்படுத்தும் என்று எண்ணித்தான், அந்துவான் மொருவா என்பவருக்கு டெனி கன்றின் இரத்தத்தைச் செலுத்தினார். இரண்டாம் முறை செலுத்தியபோது அவருடைய இடுப்பு வலித்தது, சிறுநீர் கறுத்தது. அந்நியமான இரத்தத்தை அவருடைய உடல் அழித்துக்கொண்டிருந்தது என்பது இன்று நமக்குத் தெரிகிறது. 1668-இல் அவர் இறந்தார். வழக்கு நடந்தது; டெனி குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஆனாலும் அம்முறை தடைக்கு உள்ளாகி, ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்தது.

அதை மீண்டும் கையில் எடுத்தவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டெல். பிரசவத்தில் இரத்தம் பெருகித் தாய்மார் இறப்பதைக் கண்டு மனம் வருந்தியவர் அவர். மனிதனுக்கு மனித இரத்தமே வேண்டும் என்பதை ஆய்வுகளால் உணர்ந்தார். 1818 டிசம்பரில் அவர் ஒரு நோயாளிக்கு, பலரிடமிருந்து எடுத்த இரத்தத்தைச் சிறிது சிறிதாகப் பீற்றுக்குழலால் செலுத்தினார். மனித இரத்தத்தை மனிதனுக்கு ஏற்றியதைக் குறித்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான பதிவுகளில் இது ஒன்று. அந்த நோயாளி யார் தெரியுமா? வயிற்றில் புற்று வளர்ந்து உணவுப்பாதை அடைபட்டிருந்த ஒரு மனிதர். அவர் சற்றே தெளிவடைந்து, 56 மணி நேரம் உயிரோடிருந்து மரித்தார். நம் சகோதரி படுத்த கட்டிலில், அவருக்கு முன்னே படுத்தவர்களின் வரிசை அந்த மனிதரிடம் தொடங்குகிறது.

சில நோயாளிகள் பிழைத்தார்கள், சிலர் நடுங்கி இறந்தார்கள். ஏன் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் தம்முடைய இரத்தத்தையும் உடன் பணிபுரிந்தோரின் இரத்தத்தையும் மாற்றி மாற்றிக் கலந்து பார்த்தார். சில கலவைகள் திரிந்தன, சில திரியவில்லை. இவ்வாறு 1901-இல் மூன்று இரத்த வகைகளை அறிவித்தார். நான்காவதை அவருடைய தோழர்கள் 1902-இல் கண்டார்கள். கூடப்பிறந்தவனின் இரத்தம் சேராமற்போகலாம், முன்பின் அறியாத ஒருவனின் இரத்தம் சேரலாம் என்பதே அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். 1915-இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் லூயிசோன், இரத்தத்தை உறையாமல் காக்கும் சோடியம் சிட்ரேட்டின் தகுந்த அளவை நிறுவினார். 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் தம் மருத்துவமனைச் சேமிப்பகத்துக்கு 'இரத்த வங்கி' என்று பெயரிட்டார்.

அறிவு வளர்ந்தது, ஆனால் மனம்? இரண்டாம் உலகப் போரின்போது 1940-இல் பிரிட்டனுக்குப் பிளாஸ்மா அனுப்பும் பெரும் பணியை வழிநடத்தியவர் சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பின அமெரிக்க மருத்துவர். அப்படியிருந்தும், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தாரின் இரத்தத்தை வாங்க மறுத்தது. பின்பு வாங்கியபோதும் தனியே பிரித்து வைத்தது. 1950-இல்தான் அந்தப் பிரிவினை நீங்கிற்று. இரத்த வகைகள் நான்கென்று அறிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு வரையிலும், "யாருடைய இரத்தம்?" என்ற கேள்வி அங்கே இவ்வாறுதான் கேட்கப்பட்டது. நம் ஊரில் அக்கேள்வி எந்தப் பொருளில் எழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல சமாரியன் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மைச் சமாரியனாகவே எண்ணிக்கொள்கிறோம். குற்றுயிராய்க் கிடந்த மனிதன், தன்னைத் தூக்கியவனின் குலத்தை விசாரித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை.

இப்போது சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். 1950-களில் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் பிழைத்தவர்கள் அரிது. புற்று கொல்லுமுன்னே இரத்தப்போக்கு அவர்களைக் கொன்றது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய எமில் ஃபிரைரைக் என்ற மருத்துவர், இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்ததே காரணம் என்று கண்டார். நாட்பட்ட இரத்தத்தில் தட்டணுக்கள் இல்லை. உடனே எடுத்த இரத்தமே வேண்டும், அதுவும் அடுத்தடுத்து வேண்டும். யார் தருவார்? நோயுற்ற பிள்ளை ஒன்றின் தகப்பன் ஒரு போதகர். அவர் தம் சபையாரில் 20 பேரை அழைத்து வந்தார். தொடர்ந்து இரத்தம் ஏற்ற ஏற்ற, இரத்தப்போக்கு நின்றது.

இது நின்றபடியால்தான், வீரியமான மருந்துகள் பலவற்றைச் சேர்த்துக் கொடுக்க மருத்துவர்கள் துணிந்தார்கள். குழந்தைகளுக்கு மிகுதியாய் வரும் இரத்தப் புற்றில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஏறக்குறைய ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். இரத்தம் ஏற்றுதல் சிகிச்சை தோற்றபின் வருவதன்று. சிகிச்சையை நடத்திச் செல்லும் தூண்களில் அதுவும் ஒன்று. கீமோ மருந்து விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையில் இரத்தத்தை உண்டாக்கும் அணுக்களும் அவ்வாறு பெருகுகிறவையே. ஆகையால் அவையும் அடிபடுகின்றன. ஹீமோகுளோபின் இறங்கியதாலேயே நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உங்கள் மருத்துவரிடமே காரணத்தைக் கேளுங்கள்.

நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் உங்கள் இரத்தத்தில் சிறிதளவு எடுத்து, வரவிருக்கும் இரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். எய்ட்ஸ் கிருமி, மஞ்சள்காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான சோதனைகள் அதற்கு முன்பே முடிந்திருக்கும். செவிலியர் உங்கள் பெயரையும் பையிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். எத்தனை முறை பெயர் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஏற்றி, உங்களைக் கவனித்திருப்பார்கள். குளிர் நடுக்கம், அரிப்பு, மூச்சுத்திணறல், முதுகுவலி எதுவாயினும் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது. ஒரு பை சாதாரணமாக நான்கு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும்.

அந்தப் பையில் எண் இருக்கும், வகை இருக்கும், தேதி இருக்கும். கொடுத்தவரின் பெயர் இராது, குலமும் இராது. 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் காசுக்கு இரத்தம் விற்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "அம்மா, யாருடையது என்று எனக்குத் தெரியாது. உங்களை அறியாத ஒருவர் ஒரு நாள் கை நீட்டினார். இவ்வளவுதான் தெரியும்." அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "அவருக்காக ஜெபம் பண்ணுங்கள் ஐயா" என்றார். பண்ணினோம். புதன்கிழமை இரத்தம் ஏறியது; மாலையில் மகனிடம் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாராம்.

இரத்தம் வாங்கிக்கொள்கிறவர்களே, வெட்கப்படாதிருங்கள். கொடுக்கத்தக்கவர்களே, அந்தப் போதகரோடு நடந்துபோன இருபது பேரை நினையுங்கள். நம் நாட்டில் 18 முதல் 65 வயது வரையுள்ள ஆரோக்கியமானவர்கள், எடை 45 கிலோவுக்குக் குறையாமலும் ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமலும் இருந்தால் இரத்தம் கொடுக்கலாம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் நான் ஆலய வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நிற்பேன். உங்கள் பெயரையும் இரத்த வகையையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டேன்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.