விலையில்லா மடிக்கணினியும் உப்புக் காற்றும்

வடசென்னையில் எங்கள் பக்கத்துப் பல வீடுகளுக்கு முதல் லேப்டாப் கடையிலிருந்து வரவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அன்றுதான். பிறகு ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தோளில் புதுப் பையோடு வீடு திரும்பினார்கள். மூடியில் கோபுரச் சின்னம். உள்ளே 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதற்குள் போய்ப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் லேப்டாப் பழுதுபார்ப்பது என் தொழில். ஓசிப் பெட்டிதானே என்று இளக்காரமாகப் பேசியவர்கள் உண்டு. மலிவு லேப்டாப் எவ்வளவு வேகம் என்று நான் கேட்பதில்லை. ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கிறதா, உள்ளே இருப்பதை மாற்ற முடிகிறதா, அதைத்தான் பார்ப்பேன்.

அதே 2011 அக்டோபரில் டெல்லியில் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார்கள். 35 டாலர், உலகிலேயே மலிவு என்று ஒரே பேச்சு. 7 அங்குலத் திரை, அழுத்தித் தொட்டால்தான் அசையும். அமெரிக்கப் பேராசிரியர் நெக்ரோபாண்டே ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்காக 2005-இல் அறிவித்த 100 டாலர் லேப்டாப்பும் அந்த விலைக்குக் கடைசிவரை வரவில்லை. விலையை முதலில் எழுதிவிட்டு அதற்குள் பொருளை அடக்கப் பார்த்தவை இரண்டும். தமிழ்நாடு அரசோ, கடையில் விற்கும் சாதாரண லேப்டாப்பையே வாங்கிக் கொடுத்தது. அதனால்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் அதற்குக் கீபோர்டும் சார்ஜரும் ஹிஞ்சும் கிடைத்தன.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் ஊர்க் காற்றே அதற்கு முதல் எதிரி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக் கூடாது என்ற உயர் நீதிமன்ற உத்தரவு 2011 அக்டோபர் 1 முதல் அமலானது. அதன்பிறகு ராயபுரத்துக்காரர்களால் கரித்தூசி இல்லாமல் துணி காயப்போட முடிந்தது. கரி எண்ணூருக்குப் போனது. அங்கிருந்து வரும் பெட்டிகளில் ஃபேனைக் கழற்றினால் கருப்பாகப் பொடி உதிரும். கடலோர வீடுகளில் உப்பேறி, சார்ஜர் பின் பச்சை பூத்துவிடும்.

அடுத்தது பேட்டரி. 2012-இல் சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் பேட்டரி தேவை, அதுதான் முதலில் போகும். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா மகளின் லேப்டாப்போடு வந்தார்.

"இன்னா தம்பி, மிஷினே துட்டு இல்லாம குடுத்தாங்கோ. பேட்டரிக்கு ஆயிரத்தைந்நூறா?"

"அது இல்லாமலும் ஓடும்க்கா. கழட்டி வெச்சிடுறேன், சார்ஜர்ல போட்டுப் படிக்கட்டும்."

வெளியே கழலும் பேட்டரி என்பதால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது.

பள்ளிக்கூடங்கள் அதை வைத்துச் சொல்லிக்கொடுத்தது குறைவு. இன்டர்நெட்டுக்குத் தனியாக டேட்டா கார்டு வாங்க வேண்டியிருந்தது. பல வீடுகளில் அது சினிமா பார்க்கும் பெட்டியாகவே இருந்து பரணுக்குப் போனது. அவசரத்துக்கு விற்றவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2020 ஊரடங்கில்தான் அதன் அருமை தெரிந்தது. ஆன்லைன் வகுப்பு என்றதும் அக்காவின் லேப்டாப் தம்பிக்காகப் பரணிலிருந்து இறங்கியது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, இன்னொரு ராமையும் செருகினால் பழைய பெட்டி எழுந்து உட்காரும். அவ்வளவு வயதான லேப்டாப்புகளை அதற்குமுன் நான் அத்தனை கண்டதில்லை.

2019-20 வரை 51 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள், பிறகு நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட்டோ லேப்டாப்போ தருவதாக அறிவித்தார்கள். என்னைக் கேட்டால் டேப்லெட் வேண்டாம், அதைத் திறந்து மாற்றுவது கடினம். கடையில் வாங்குகிறவர்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்: இன்றைய மலிவுப் பெட்டிகள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள், சிலவற்றில் ஸ்டோரேஜையும். எடை குறைவு, சார்ஜ் நிற்கும், பார்க்கவும் அழகு. ஆனால் உப்பு ஏறினால் போர்டையே மாற்ற வேண்டும், அது பாதி விலை. அதே காசுக்கு கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய ஆபீஸ் லேப்டாப் கிடைக்கும். வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.